சிறைப்பட்டவர்களுக்கு ஒரு வழக்கறிஞர்



வருகிற ஞாயிறு நம் சபையில் வேதாகம ஞாயிறாக ஆசரிக்கப்படும். காணிக்கைப் பை உங்கள் வரிசைக்கு வரும்போது வேதாகமச் சங்கத்திற்கென்று உங்களால் இயன்றதை இடுவீர்கள். ஆண்டுதோறும் அந்த நாளில், ஒரு வேதாகமம் வாங்குவதற்காக வெறுங்காலுடன் மலைவழியே நடந்த வேல்ஸ் தேசத்துச் சிறுமி மேரி ஜோன்ஸின் கதையை நான் சொல்வது வழக்கம். அதை இந்த ஆண்டு ஞாயிறு பள்ளி ஆசிரியைகளிடம் விட்டுவிடுகிறேன். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறொருவரின் வரலாறு. அவர் சிறுவர் அல்லர், ஏழையும் அல்லர். கால்வீக்க நோயினால் நடக்க இயலாதிருந்த செல்வந்தர், வழக்கறிஞர், சட்டமன்றங்களில் அமர்ந்தவர். அமெரிக்க வேதாகமச் சங்கம் 1816ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகத் தெரிந்துகொள்ளப்பட்டவர். அவர் பெயர் எலியாஸ் பூடினாட்.

எலியாஸ் என்பது நம் எலியாவேதான். அந்தப் பெயர் அக்குடும்பத்தில் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டிருந்தது. அவருடைய முன்னோர் பிரான்சு தேசத்து ஹியூகநாட்டுகள், அதாவது அந்நாட்டின் சீர்திருத்தச் சபையார். 1685இல் பதினான்காம் லூயி மன்னன், அவர்களுக்கு ஆராதனை உரிமை வழங்கியிருந்த நாந்து கட்டளையை நீக்கிப் போட்டான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாடு கடத்தப்பட்டார்கள், பல்லாயிரம் குடும்பங்கள் கடல் கடந்து ஓடின. ஓடிய குடும்பங்களுள் பூடினாட் குடும்பமும் ஒன்று. வேதத்தை வாசித்ததற்காக வீட்டை இழந்தவர்களின் சந்ததி என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால், இம்மனிதரின் பிற்கால வாழ்க்கையில் பலவும் விளங்கும்.

அவர் 1740ஆம் ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் பிறந்தார். தகப்பனார் வணிகரும் வெள்ளித் தொழிலாளியுமாவார். பின்னர் குடும்பம் நியூஜெர்சியிலுள்ள பிரின்ஸ்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ரிச்சர்ட் ஸ்டாக்டன் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞரிடம் எலியாஸ் சட்டம் பயின்றார். அக்காலத்தில் சட்டக் கல்லூரிகள் கிடையா; ஒரு மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆவணங்களை நகலெடுத்தும் நூல்களை வாசித்தும் கற்பதே முறை. ஸ்டாக்டன் அவருக்கு ஆசான் மட்டுமல்லர், இருமுறை மைத்துனரும் ஆனார். எலியாஸின் சகோதரி ஆனிஸை ஸ்டாக்டன் மணந்தார். ஸ்டாக்டனின் சகோதரி ஹன்னாவை 1762இல் எலியாஸ் மணந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான். இந்த ஸ்டாக்டனின் பெயரைச் சற்று நினைவில் வைத்திருங்கள்.

1760இல் வழக்காட அனுமதி பெற்ற பூடினாட், எலிசபெத்டவுன் என்னும் ஊரில் தொழில் நடத்தினார். அவ்வூர்ப் பிரஸ்பிட்டேரியன் சபையில் ஜேம்ஸ் கால்ட்வெல் என்பவர் போதகராயிருந்தார். பூடினாட்டின் வீட்டில் வெளியூர் மாணவர்கள் தங்கிப் படிப்பதுண்டு. மேற்கிந்தியத் தீவிலிருந்து ஆதரவற்றவனாய் வந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் என்னும் இளைஞனும் அவ்வீட்டில் அன்பைக் கண்டான். 1774இல் பூடினாட்டின் கைக்குழந்தை ஆனா மரியா இறந்தபோது ஹாமில்டன் அதற்கு இரங்கற்பா எழுதினான். பிற்காலத்தில் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரானவன் அந்த இளைஞனே. பூடினாட் தம்பதியருக்குச் சூசன் என்னும் ஒரே மகள் மட்டும் எஞ்சினாள்.

இனி போர்க்காலத்திற்கு வருகிறேன். பிரியமானவர்களே, இங்கே நான் சற்றுத் தாமதிக்க வேண்டும்.

பூடினாட் புரட்சிக்காரர் அல்லர். இங்கிலாந்துடன் ஒப்புரவாகிவிடலாம் என்று நெடுநாள் நம்பியவர்களில் ஒருவர். கையில் நல்ல தொழில், நல்ல வீடு, நிலபுலம் எல்லாம் இருந்தன. 1776இல் விடுதலை அறிவிக்கப்பட்டது. அவ்வறிக்கையில் கையெழுத்திட்டவர்களுள் அவருடைய மைத்துனர் ஸ்டாக்டனும் ஒருவர். அவ்வாண்டு இறுதிக்குள் அமெரிக்கப் படை நியூயார்க்கை இழந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள். அவ்வளவு பேரை வைக்க ஆங்கிலேயரிடம் சிறைச்சாலை இல்லை. ஆகவே சர்க்கரைக் கிடங்குகளிலும், துறைமுகத்தில் நின்ற பழைய கப்பல்களிலும், ஆலயங்களிலும் அவர்களை அடைத்தார்கள். டச்சு சீர்திருத்தச் சபையின் பெரிய ஆலயத்தில் இருக்கைகள் அகற்றப்பட்டன. பிரசங்கம் கேட்கப்பட்ட இடத்தில் மனிதர் பசியாலும் குளிராலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். ஸ்டாக்டனும் பிடிபட்டு நியூயார்க் சிறையில் கிடந்தார். பின்னர் விடுவிக்கப்பட்டாலும் உடல்நலம் திரும்பவில்லை. அவருடைய வீடு சூறையாடப்பட்டிருந்தது. 1781இல் இறந்து போனார்.

1777இல் ஜார்ஜ் வாஷிங்டன் பூடினாட்டை அழைத்து ஒரு பொறுப்பை ஏற்கும்படி கேட்டார். கைதிகளுக்கான தலைமை அதிகாரி என்பது அந்தப் பதவி. பிடிபட்ட எதிரிகளைப் பராமரிக்க வேண்டும். எதிரியின் கையில் சிக்கிய தம்மவருக்கு உணவும் உடையும் சேர்ப்பிக்க வேண்டும். இரு தரப்பிலும் கைதிகளைப் பரிமாற வேண்டும். பூடினாட் முதலில் மறுத்தார். தாம் சிவில் காரியங்களுக்கு ஏற்றவரேயன்றிப் படைத்துறைக்கு ஏற்றவர் அல்லர் என்றார். நல்ல பெயருள்ள மனிதர்கள் இப்படி ஒவ்வொருவராக ஒதுங்கிக்கொண்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்று வாஷிங்டன் வருத்தத்துடன் சொன்னதாகப் பூடினாட்டே பின்னாளில் எழுதிவைத்தார். அதன்பின் அவரால் மறுக்க முடியவில்லை.

அந்த மறுப்பை நான் குறையாகச் சொல்லவில்லை. சபைக் குழுவுக்குப் பெயர் கொடுங்கள் என்று கேட்டால் எனக்கு வரும் விடைகளை நான் அறிவேன். அவற்றில் பாதி உண்மையான காரணங்களே. பூடினாட்டின் காரணமும் உண்மையானதே. ஆயினும் அவர் போனார்.

போனபின் கண்டது என்ன? பதவி இருந்தது, பணம் இல்லை. காங்கிரஸ் என்னும் பேரவைக்கு வரிவிதிக்கும் அதிகாரம் கிடையாது. அது அச்சிட்ட காகிதப் பணத்தை எதிரியின் நகரில் யாரும் வாங்கமாட்டார்கள். போர்வைக்கும் ரொட்டிக்கும் பொன்னோ வெள்ளியோ வேண்டும். பூடினாட் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். அது தீர்ந்தபோது தம் சொந்தப் பொறுப்பில் கடன் வாங்கினார். கடன் பெருகி, தாம் பாதி அழிந்துபோகும் நிலையை எட்டியதை வாஷிங்டனிடம் முறையிட்டார். அந்த இழப்பில் தாமும் பங்கேற்பதாக வாஷிங்டன் வாக்களித்தார். பிற்பாடு பூடினாட் காங்கிரஸ் உறுப்பினராகச் சம்மதித்ததற்கு ஒரு காரணம், அந்தக் கடனை அங்கிருந்து மீட்டுக்கொள்ளலாம் என்பதே. இதை மறைக்காமல் சொல்கிறேன். பரிசுத்தவான்களின் வரலாறு எழுதுகிறவர்கள் இத்தகைய வரிகளை விட்டுவிடுவார்கள். எனக்கோ, கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்படுகிற பூடினாட்டை, கவலையே இல்லாத ஒரு பூடினாட்டைவிட அதிகம் நம்பத் தோன்றுகிறது.

1778 பிப்ரவரியில் அவர் எதிரியின் அனுமதியுடன் நியூயார்க் நகருக்குள் நேரில் சென்றார். சிறை அதிகாரி வில்லியம் கன்னிங்காம் என்பவன் கொடுமைக்குப் பெயர்போனவன். பூடினாட் கைதிகளைச் சந்தித்து, ஒவ்வொருவரும் என்ன குற்றத்திற்காக எப்படி அடைக்கப்பட்டார் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுக் குறித்துக்கொண்டார். வழக்கறிஞரின் பழக்கம் அது. பிறகு அந்தக் குறிப்புகளுடன் ஆங்கிலேயத் தளபதிகளிடம் சென்று முறையிட்டார். போர்வைகளும் உடைகளும் உணவும் வாங்கிக் கொடுத்தார். சிறைச்சாலை ஊழியம் என்றால் ஒரு பாட்டும் ஒரு செய்தியும் ஒரு பழப் பொட்டலமும் என்று நாம் பழகிவிட்டோம். அது நல்லதுதான்; நானும் அப்படிப் போய் வந்திருக்கிறேன். ஆனால் சிறையிலிருப்பவனின் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அவனுக்கு வாதாட யாரேனும் உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ள நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியது? ஆண்டவர் மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் சிறையில் தம்மைப் பார்க்க வந்தவர்களைக் குறித்துப் பேசுகிறார். பார்க்க வந்தவர்களுள் ஒரு வழக்கறிஞரும் இருந்தால் அவர் கையில் காகிதமும் எழுதுகோலும் இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

அதே பதவியில் இருந்தபோது நடந்த ஒரு சிறு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். 1777 டிசம்பரில் பிலடெல்பியாவுக்கு வெளியே ஒரு சத்திரத்தில் அவர் உணவருந்தியிருந்தபோது, எளிய தோற்றமுள்ள ஒரு வயதான பெண்மணி உள்ளே வந்தாள். மாவு வாங்க ஊருக்கு வெளியே போக அனுமதி கேட்டாள். பேசிக்கொண்டே, ஊசிகள் செருகிவைக்கும் பழைய அழுக்கான துணிப்பை ஒன்றை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். அதில் பல அறைகள். கடைசி அறையில் சுருட்டிவைத்த ஒரு காகிதம். மறுநாள் காலையில் ஆங்கிலேயத் தளபதி பெரும்படையுடன் வெளியே வரப்போகிறார் என்ற செய்தி அதில் இருந்தது. பூடினாட் உடனே குதிரையேறிச் சென்று வாஷிங்டனிடம் அறிவித்தார். அப்பெண்மணியின் பெயரை அவர் எழுதிவைக்கவில்லை.

1781 நவம்பரில் எலிசபெத்டவுன் சபைக்கு ஒரு பேரிடி விழுந்தது. போதகர் கால்ட்வெல்லின் மனைவி அதற்கு முந்தின ஆண்டே, ஆங்கிலேயப் படை ஊரைத் தாக்கியபோது, வீட்டுக்குள் இருந்த நிலையில் சுடப்பட்டு இறந்திருந்தார். இப்போது போதகரையே, தம் பக்கத்துக் காவலாளி ஒருவன் ஒரு பொட்டலத்தைப் பற்றிய தகராறில் சுட்டுக் கொன்றான். ஒன்பது பிள்ளைகள். அடக்க நாளில் பூடினாட் அந்த ஒன்பது பேரையும் சவப்பெட்டியைச் சுற்றி நிறுத்தி, கூடியிருந்த சபையாரை நோக்கி இவர்களுக்காக மன்றாடினார். அவர் வாழ்நாளில் நீதிமன்றத்தில் ஆற்றிய எந்த வாதத்தையும் நாம் இன்று நினைப்பதில்லை. இந்த வாதத்தை அவ்வூர் மறக்கவில்லை. பிள்ளைகளைப் பலர் எடுத்து வளர்த்தார்கள். அவருடைய பெயரையே சூட்டப்பெற்றிருந்த எலியாஸ் பூடினாட் கால்ட்வெல்லைப் பூடினாட் வளர்த்துச் சட்டம் படிக்கவைத்தார். அந்தப் பிள்ளை பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் எழுத்தராக உயர்ந்தான்.

1782 நவம்பரில் பூடினாட் காங்கிரசின் தலைவராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். ஓராண்டுப் பதவி. அதிகாரம் மிகக் குறைவு. கையெழுத்துகள் மிக அதிகம். ஆயினும் இங்கிலாந்துடனான பூர்வாங்கச் சமாதான உடன்படிக்கையை 1783 ஏப்ரலில் காங்கிரஸ் ஏற்றபோது தலைவராயிருந்து கையெழுத்திட்டவர் அவரே. அவ்வாண்டு ஜூன் 21ஆம் தேதி, பல மாதச் சம்பளம் கிடைக்காத போர்வீரர்கள் சில நூறு பேர் துப்பாக்கிகளுடன் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடியிருந்த மாளிகையைச் சூழ்ந்துகொண்டார்கள். பென்சில்வேனியா அரசு உதவிக்கு வர மறுத்தது. உறுப்பினர்கள் அவர்கள் நடுவே நடந்து வெளியேறினார்கள். காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்கு இடம்பெயர்ந்தது. ஒரு தேசத்தின் பேரவை ஒரு சிற்றூரின் கல்லூரிக் கட்டடத்தில் கூடியது. வரலாற்று நூல்கள் இதைக் கலகம் என்றே எழுதுகின்றன. கலகந்தான். ஆனால் யாக்கோபின் நிருபத்தில் வேலைக்காரரின் கொடுக்கப்படாத கூலி தானே கூக்குரலிடுகிறது என்பதை அறிந்த நாம், அந்த வீரர்களின் பக்கத்தையும் எண்ணாமல் இருக்கலாகாது. கலகத் தலைவர்களுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையைக் காங்கிரஸ் பின்பு மன்னித்தது.

புதிய அரசியல் சட்டத்தின்படி 1789இல் முதலாவது பிரதிநிதிகள் சபை கூடியபோது பூடினாட் நியூஜெர்சியின் உறுப்பினராக அமர்ந்தார். 1795 வரை மூன்று முறை தொடர்ந்து இருந்தார். 1789 செப்டம்பர் 25ஆம் தேதி அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தேவன் செய்த நன்மைகளுக்காக நாடு முழுவதும் ஒரு நாளை நன்றியறிதலுக்கும் ஜெபத்திற்கும் ஒதுக்கும்படி குடியரசுத் தலைவரைக் கேட்க வேண்டும் என்பதே அது. தென் கரோலினாவின் ஈடனஸ் பர்க் எதிர்த்தார்: ஐரோப்பிய அரசர்கள் போரில் வென்றபோதெல்லாம் நடத்துகிற வழக்கத்தை நாம் ஏன் காப்பியடிக்க வேண்டும் என்றார். தாமஸ் டக்கர் என்பவரும் எதிர்த்தார்: புதிய அரசியல் சட்டத்தினால் நன்மை உண்டாகுமா என்று இன்னும் தெரியாதபோது, நன்றி சொல்லும்படி மக்களை நாம் ஏவலாமா, மேலும் இது சமயக் காரியம் அல்லவா என்றார். கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் எழுந்து, சாலொமோன் ஆலயம் கட்டி முடித்தபோது செய்ததை எடுத்துக்காட்டி ஆதரித்தார். தீர்மானம் நிறைவேறியது. அக்டோபர் 3ஆம் தேதி வாஷிங்டன் பிரகடனம் வெளியிட்டு, நவம்பர் 26ஐ அந்த நாளாகக் குறித்தார்.

போதகராகிய நான் பூடினாட்டின் பக்கம் நிற்பேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். பெரும்பாலும் நிற்கிறேன். ஆனாலும் டக்கரின் கேள்வியை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். அரசின் கட்டளையினால் மதத்தை இழந்து ஓடிவந்த ஹியூகநாட்டின் பேரப்பிள்ளை அதே அரசினிடம் ஜெப நாளை அறிவிக்கச் சொல்கிறார். அரசு இன்று ஜெபிக்கச் சொல்லலாம் என்றால் நாளை எப்படி ஜெபிக்க வேண்டும் என்றும் சொல்லலாகுமே. சிறுபான்மையாய் வாழ்கிற நமக்கு இந்தக் கேள்வி புத்தகத்தில் மட்டும் இருப்பதன்று. பூடினாட் கேட்டது கட்டளையை அன்று, பரிந்துரையை மட்டுமே என்பது அவருக்குச் சாதகமான வாதம்.

1790இல் வேறொரு சோதனை வந்தது. குவேக்கர் சபையாரும் பிறரும் அடிமை வியாபாரத்திற்கு எதிராக மனுக்கள் அனுப்பினார்கள். ஜார்ஜியாவின் ஜேம்ஸ் ஜாக்சன் எழுந்து, வேதாகமம் முழுவதும் அடிமைத்தனத்தை ஆதரிக்கிறது என்று வாதிட்டார்; குவேக்கர்களை இழிவாகவும் பேசினார். பூடினாட் எழுந்து மனுதாரர்களைப் பாதுகாத்துப் பேசினார். உடனடி விடுதலையை அவர் அன்று முன்மொழியவில்லை. மாகாணங்களின் அதிகாரத்தைத் தாண்டவும் அவர் துணியவில்லை. அது நம் மனதை உறுத்தத்தான் செய்கிறது. ஆயினும் வேதத்தை விலங்காக மாற்ற அவர் இடங்கொடுக்கவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1819இல், எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த நிலையில், மிசூரி மாகாணத்துக்குள் அடிமைத்தனத்தை அனுமதிக்கலாகாது என்று பர்லிங்டன் நகரில் கூடிய பொதுக்கூட்டத்திற்கு அவரே தலைமை வகித்தார்.

1795 முதல் 1805 வரை பிலடெல்பியாவிலிருந்த நாணயச் சாலையின் இயக்குநராக இருந்தார். அதைப் பற்றி நீளமாய்ச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் காய்ச்சல் பரவிய ஆண்டுகளில் சாலையை மூடித் திறந்து, மூடித் திறந்து நடத்தினார் என்பது போதும். ஆனால் அதே காலத்தில் அவர் இரவுகளில் செய்துகொண்டிருந்த வேலை முக்கியமானது. தாமஸ் பெயின் எழுதிய பகுத்தறிவின் யுகம் என்னும் நூல் மலிவு விலையில் எங்கும் பரவி, வேதாகமத்தைக் கேலி செய்தது. இளைஞர் அதை ஆர்வத்துடன் வாசித்தார்கள். பூடினாட் அதற்கு மறுப்பாக வெளிப்பாட்டின் யுகம் என்ற நூலை 1801இல் வெளியிட்டார். அது முதலில் தம் மகள் சூசனுக்காக எழுதப்பட்டது. கணவரை இளவயதில் இழந்து பெற்றோருடன் வாழ்ந்த மகள் அவள். வேத சாஸ்திரக் கல்லூரியில் படித்த நாட்களில் இத்தகைய மறுப்பு நூல்களைப் பழைமையானவை என்று நானும் நண்பர்களும் அலட்சியமாகப் பேசியதுண்டு. இப்போது பெற்றோர் என்னிடம் வந்து, மகன் கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு இப்படியெல்லாம் கேட்கிறானே ஐயா என்று கலங்கும்போது, மகளுக்காக உட்கார்ந்து நூறு நூறு பக்கங்கள் எழுதிய தகப்பன் எனக்கு வேறுவிதமாகத் தெரிகிறார்.

1805இல் பதவியை விட்டுப் பர்லிங்டனில் குடியேறி வேத ஆராய்ச்சியில் அமர்ந்தார். 1809இல் நியூஜெர்சி வேதாகமச் சங்கம் தோன்றியது, அவர் தலைவர். இப்படி ஒவ்வொரு மாகாணத்திலும் சிறுசிறு சங்கங்கள் தனித்தனியே இயங்கின. மேற்கே புதிதாய்க் குடியேறிய மக்களுக்கோ வேதாகமம் கிட்டவில்லை. எல்லாச் சங்கங்களும் சேர்ந்து ஒரே தேசியச் சங்கம் ஆக வேண்டும் என்று அவர் கடிதம் மேல் கடிதமாய் எழுதினார். பிலடெல்பியாச் சங்கம் எதிர்த்தது. அதுதான் நாட்டில் முதன்முதல் தோன்றியது, தன் இடம் போய்விடும் என்ற அச்சம். சங்கங்களின் இத்தகைய அச்சம் இருநூறு ஆண்டுகளில் அதிகம் மாறவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இறுதியில் 1816 மே 8ஆம் தேதி நியூயார்க்கில், கார்டன் தெருவிலிருந்த டச்சு சீர்திருத்த ஆலயத்தில், பல சபைப் பிரிவுகளின் பிரதிநிதிகள் கூடிச் சங்கத்தை நிறுவினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே நகரில் அதே டச்சு சபையாரின் பெரிய ஆலயம் கைதிகளின் கொட்டடியாயிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பூடினாட் அன்று அங்கே இல்லை. நோய் அவரைப் படுக்கையில் வைத்திருந்தது. வராதவரையே தலைவராகத் தெரிந்துகொண்டார்கள். அவர் பத்தாயிரம் டாலர் அனுப்பினார்.

அதே 1816இல் அவர் வெளியிட்ட மற்றொரு நூலைப் பற்றி நான் பேசாமல் விட்டால் நேர்மையாகாது. மேற்கில் ஒரு நட்சத்திரம் என்பது அதன் பெயர். அமெரிக்கப் பூர்வகுடிகள் இஸ்ரவேலின் காணாமற்போன பத்துக் கோத்திரங்களாயிருக்கலாம் என்று அதில் வாதிட்டார். அது தவறு, முற்றிலும் தவறு. பூர்வகுடிகளை வெள்ளையர் கொடுமைப்படுத்தியதைக் கண்டு அவர் உள்ளம் உண்மையாகவே வெந்தது. அந்நூலில் அவ்வேதனை தெரிகிறது. ஆனால் அவர்களை நேசிக்க ஏன் அவர்கள் ஆபிரகாமின் வம்சமாயிருக்க வேண்டும்? காயம்பட்டுக் கிடந்தவனின் வம்சவரலாற்றை நல்ல சமாரியன் விசாரிக்கவில்லையே. நம்மிடமும் இது உண்டு. ஒருவருக்கு உதவுவதற்கு முன் அவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு, நமக்குள் ஏதாவதொரு உறவைக் கண்டுபிடித்த பிறகுதான் கை நீளுகிறது.

1818இல் செரோக்கி இனத்து இளைஞன் ஒருவன் கனெக்டிகட்டிலுள்ள கார்ன்வால் மிஷன் பள்ளிக்குப் படிக்கச் செல்லும் வழியில் பர்லிங்டனில் முதியவர் பூடினாட்டைச் சந்தித்தான். அவன் இயற்பெயர் கல்லெகினா; கலைமான் என்று பொருள். பெரியவரின் அன்பினால் கவரப்பட்டு அவர் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டான். இப்பழக்கம் நம் மக்களுக்குப் புதிதன்று. அப்பள்ளியை நடத்திய அதே அமெரிக்க மிஷன் சங்கந்தான் 1816இல் யாழ்ப்பாணத்திற்கும் ஊழியரை அனுப்பியது. வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் இடப்பட்டன. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்கள் அப்படி வந்தவையே. செரோக்கி எலியாஸ் பூடினாட், பள்ளியிருந்த ஊரின் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியை மணக்கத் துணிந்தபோது, வேதம் கற்றுக்கொடுத்த அதே ஊரார் அவ்விருவரின் கொடும்பாவியையும் எரித்தார்கள். 1828இல் அவர் செரோக்கி மொழியில் முதல் செய்தித்தாளின் ஆசிரியரானார். புதிய ஏற்பாட்டைத் தம் மொழியில் கொண்டுவர உழைத்தார். 1835இல் தம் மக்களின் நிலத்தை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில், வேறு வழியில்லை என்று நம்பிக் கையெழுத்திட்டார். அதனால் ஆயிரக்கணக்கான செரோக்கியர் துரத்தப்பட்டு வழியிலேயே மாண்டார்கள். 1839இல் தம் இனத்தாராலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கைதிகளுக்காக வாதாடியவரின் பெயரை அவர் எப்படிச் சுமந்தார் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இந்தத் துயரம் எதையும் காணப் பெரியவர் உயிரோடு இல்லை. 1821 அக்டோபர் 24ஆம் தேதி, எண்பத்தொன்றாம் வயதில், பர்லிங்டனில் காலமானார். அவருடைய உயில் நீளமானது. தேசம் முழுவதும் நிலம் வாங்கிக் குவித்திருந்தார் என்பது அதிலிருந்துதான் தெரிகிறது. எல்லாவற்றையும் அவர் இரவல் கொடுத்ததுபோலப் பிரித்துக் கொடுத்துவிட்டார். வேதாகமச் சங்கத்திற்கு ஆயிரக்கணக்கான ஏக்கர். பிரின்ஸ்டன் கல்லூரிக்கு நிலம். பிலடெல்பியா நகர ஏழைகளுக்குக் குளிர்காலத்தில் குறைந்த விலையில் விறகு கிடைக்கும்படி பதின்மூவாயிரம் ஏக்கர் காடு. போதகர்களுக்குப் புத்தகம் வாங்க மூன்று வீடுகள். இதை வாசித்தபோது எனக்குச் சற்றுப் பொறாமை வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவற்றுக்கிடையே ஒரு சிறு தொகை. இருநூறு டாலர். நியூஜெர்சி வேதாகமச் சங்கத்திற்கு. வேதாகமம் கையில் கிடைத்தும் எழுத்துத் தெரியாமல் கண்மங்கிப்போன ஏழை முதியோருக்கு மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பதற்காக.